தோட்டத்தின் மேல் நான் போடாத நிழல்

கவினுக்கு,

பிள்ளைக்குக் கல்யாணம் நிச்சயமாகும்போதோ, அவன் தூர தேசத்துக்கு விமானம் ஏறும்போதோ பெற்றவர்கள் இப்படி நீளமாக எழுதுவார்கள். உனக்கு இப்போது நாலரை வயதுதான். பக்கத்து அறையில் என்னுடைய சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு சுவரோடு ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாய். இந்தக் கடிதம், வளர்ந்து வேலைக்குப் போய், எனக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசப்போகிற கவினுக்கு. ஏன் இத்தனை சீக்கிரம் என்று கேட்பாய். இருபது வருஷம் கழித்து எழுதினால் நான் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிடுவேன். அப்போதே எனக்குத் தெரியும் என்று எழுதுவேன். பெரியவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு இப்போது ஒன்றும் தெரியவில்லை. உன்னை எந்த வீட்டில் வளர்ப்பது என்று நேற்று ஒரு முடிவு எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். அது சரியா என்று தெரியாத மனசோடு எழுதிய கடிதம் ஒன்று உன்னிடம் இருக்கட்டும். தமிழை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று நினைக்கிறேன். மெதுவாகவே படி, அவசரமில்லை.

உன் அம்மாவின் வேலை நிழல் போடுவது. சிரிக்காதே. புனேக்குப் பக்கத்தில் பிம்ப்ரியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் எங்கள் ஆபீஸ். மாத்திரை டப்பாக்களுக்கும், இயந்திரங்களின் கேட்லாக்குகளுக்கும், பில்டர்களின் விளம்பரப் புத்தகங்களுக்கும் கம்ப்யூட்டரில் படம் வரைகிறோம். போட்டோ கிடையாது. வெக்டர் என்று சொல்கிற, கோடும் வடிவமும் மட்டுமே உள்ள படங்கள். எத்தனை பெரிதாக்கினாலும் உடையாது. ஆனால் அதில் எதற்கும் எடை கிடையாது. ஒரு டப்பாவை எவ்வளவு சுத்தமாக வரைந்தாலும் அது வெள்ளைத் தாளில் மிதந்துகொண்டுதான் இருக்கும். அதற்குக் கீழே நிழல் விழுந்த பிறகுதான் தரையில் உட்காரும். நான் இந்த ஆபீசில் சேர்ந்தபோது யாரோடும் பேசமாட்டேன். இந்தி சரியாக வராது, மராத்தி சுத்தமாக வராது. பேசாமல் செய்யக்கூடிய வேலையாக நிழலைக் கொடுத்தார்கள். அப்படியே அதில் தேறிவிட்டேன்.

தேறிவிட்டேன் என்று பெருமையாகச் சொல்வதற்குக் காரணம், அது பார்ப்பதைப் போல எளிதில்லை. பொருளின் வடிவத்தை ஒரு பிரதி எடுத்து, கருப்பு அடித்து, சாய்த்துப் படுக்க வைத்தால் நிழல் என்றுதான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் நினைப்பார்கள். அப்படிச் செய்தால் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு கருப்புத் துணி கிடப்பதைப் போல இருக்கும். நிஜ நிழல் கருப்பே இல்லை. சிமெண்டுத் தரையில் விழுந்தால் சாம்பல் கலந்த நீலம், செம்மண்ணில் விழுந்தால் காய்ந்த மாதுளைத் தோலின் நிறம். அடியில் இருக்கிற தரை அதற்குள் தெரிய வேண்டும். பொருள் தரையைத் தொடுகிற இடத்தில் நிழல் கெட்டியாக, கூர்மையாக இருக்கும். தள்ளிப் போகப் போக ஓரம் கலைந்து, நீர்த்துப்போகும். தொடுகிற இடத்தில் மட்டும் தனியாக இன்னொரு மெல்லிய நிழல் போட வேண்டும், வாசலில் கிடக்கும் செருப்புக்கு அடியில் தெரிகிற இருட்டைப் போல. இதையெல்லாம் எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்ததில் தெரிந்துகொண்டேன். பேசாதவர்களுக்குப் பார்ப்பதற்கு நிறைய நேரம் கிடைக்கும்.

உனக்கே இது தெரியும். போன வருஷம் நீ வரைந்த பூனையை என் மடியில் வைத்து, "கீழ காலா போடும்மா, இல்லாட்டி பூனை விழுந்துரும்" என்றாய். கருப்பை நீ காலா என்றுதான் சொல்கிறாய். பூனைக்கு நாலு கால் இருந்தது, தரைதான் இல்லை. போட்டுக் கொடுத்தேன். திருப்தியாகப் போய்விட்டாய்.

இன்னொன்றும் சொல்கிறேன். நான் பட்டம் வாங்கிய அன்று பல்லடத்திலிருந்து என் அப்பா, உன் தாத்தா, கோயம்புத்தூருக்கு வந்திருந்தார். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். போட்டோ எடுக்கும்போது அவர் விலகிப் போய் ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டார். அது படித்தவர்களுக்கான போட்டோ என்று நினைத்தாராம். கூப்பிட எனக்கும் வாய் வரவில்லை. வேலைக்கு வந்த பிறகு அந்தப் போட்டோவைப் படமாக வரைந்து, எனக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தி, காலடியில் நிழல் போட்டு, சட்டம் போட்டு அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் கவனித்தேன், என் நிழல் இடது பக்கம் விழுகிறது, அவர் நிழல் வலது பக்கம். ஒரே வெயிலில் நிற்கிற இரண்டு பேருக்கு அப்படி விழாது. பார்த்தவர்கள் யாரும் அதைச் சொல்லவில்லை. அப்பா மட்டும் போனில், "நான் அங்க நின்னனா கண்ணு?" என்று கேட்டார். நின்றீர்கள் என்று சொன்னேன். அதைப் பொய் என்று சொல்லவும் மனசில்லை, உண்மை என்று சொல்லவும் தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

இனி வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இப்போது நாம் இருக்கிற வாடகை வீடு தரைத்தளம். முன்னால் ஒரு கட்டடம், பின்னால் ஒரு கட்டடம். மழைக்காலத்தில் உன் கட்டில் ஒட்டியிருக்கிற சுவர் வியர்க்கும். தீபாவளி முடிந்து குளிர் வந்துவிட்டால் உனக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். நெபுலைசரை மூக்கில் வைத்தால் நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாய். நான் சிரிக்க வேண்டும், சிரித்தால்தான் உட்காருவாய். டாக்டர் ஒவ்வொரு தடவையும் ஒன்றையேதான் சொல்கிறார். காய்ந்த வீடாகப் பாருங்கள், காலையில் பையன் வெயிலில் விளையாடட்டும். மருந்துச் சீட்டில் எழுதித் தர முடியாத மருந்து அது. உன் அப்பா போசரியில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறார். அவருக்குத் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் வீடு கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லோரும் ஹால் எத்தனை பெரிது என்று பார்ப்பார்கள். இவர் போகிற வீட்டிலெல்லாம் பால்கனியில் போய் நின்று வானத்தைப் பார்ப்பார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஆபீசுக்கு ஒரு பில்டரின் வேலை வந்தது. போசரிக்குப் பக்கத்தில் இரண்டு கட்டடங்கள். வடக்கே ஏழு மாடி, கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. தெற்கே இருபத்திரண்டு மாடி, அடுத்த கட்டமாக வரப்போகிறது, அப்போது அங்கே வெறும் குழி. நடுவில் குழந்தைகளுக்கு ஊஞ்சலும் சறுக்கும் வைத்த ஒரு தோட்டம். மேலிருந்து பார்க்கிற மாதிரி, வடக்கை மேல் பக்கமாக வைத்து, முழு இடத்தையும் நான்தான் வரைந்தேன். மூன்று வாரம் ஆயிற்று. ஒவ்வொரு மரத்துக்கும் நிழல், ஊஞ்சல் கம்பிக்குக்கூட நிழல். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெளிச்சம் மேலே இடது மூலையிலிருந்து வருவதாக வைத்துக்கொள்வோம், நிழல் கீழே வலது பக்கம் விழும். பட்டன் வரைந்தாலும் அப்படித்தான், டப்பா வரைந்தாலும் அப்படித்தான். அப்படிப் போட்டால்தான் பொருள் புடைத்துத் தெரியும். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கட்டடங்களுக்கும் கை அப்படியே போட்டுக்கொண்டு போயிற்று. ஏழு மாடியின் நிழல் தோட்டத்துக்கு எட்டாமல் அதன் காலடியில் ஒரு பட்டையாக விழுந்தது. இருபத்திரண்டு மாடியின் நீளமான நிழல் கீழே, காம்பவுண்டுக்கு வெளியே, யாருக்கும் சொந்தமில்லாத காலி நிலத்தில் விழுந்தது. தோட்டம் முழுக்க வெளிச்சம். புல்லுக்கு மஞ்சள் கலந்த பச்சை கொடுத்தேன்.

அச்சாகி வந்த புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் வேலையை உன் அப்பாவிடம் காட்டுகிற பழக்கம் எனக்கு உண்டு, வேறு யாரிடமும் காட்டுவதில்லை. அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அவர் வரைபடம் படிக்கத் தெரிந்தவர். முதலில் வடக்கு எங்கே என்று பார்த்தார், பிறகு நிழலைப் பார்த்தார்.

"ஏம்புள்ள, இது பூரா நீ போட்டதா?"

ஆமாங்க என்றேன்.

"தோட்டத்துல நெழலே உளுகலியே. அப்ப வடக்க இருக்கற கட்டடத்துல ரெண்டாவது மாடி பால்கனிக்கு நாளெல்லாம் வெயிலு. நம்ம பையனுக்கு இதான் சரி."

ஒரு பில்டர் சொல்லியிருந்தால் அவர் பத்துக் கேள்வி கேட்டிருப்பார். படத்தை வரைந்தது நான் என்பதால் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. போன மே மாதம் மூன்று பேரும் போய்ப் பார்த்தோம். அந்தப் பால்கனியில் கால் வைக்க முடியவில்லை, அப்படிக் கொதித்தது. உன் அப்பா சூடான கைப்பிடிச் சுவரைத் தட்டிக்கொடுத்தார், மாட்டைத் தட்டிக்கொடுப்பது மாதிரி. தோட்டத்தைப் பார்த்த அந்த இரண்டாம் மாடி வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தோம்.

இந்த ஜனவரியில் வேறொரு வேலைக்காக, செயற்கைக்கோளிலிருந்து எடுத்த புனேயின் படத்தைத் திரையில் வைத்து, அதன் மேல் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். ஏதோ உறுத்தியது. படம் தலைகீழாக இருக்கிறது என்று நினைத்துத் திருப்பினேன். ரோடுகள் தப்பாகப் போயின. மறுபடி நேராக்கினேன். அப்போதுதான் என்ன உறுத்துகிறது என்று புரிந்தது. அந்தப் படத்தில் ஒவ்வொரு கட்டடத்தின் நிழலும் மேல் பக்கமாக, வடக்கே விழுந்து கிடந்தது. நான் இத்தனை வருஷமாகப் போட்ட நிழல்கள் எல்லாம் கீழ்ப் பக்கமாக, தெற்கே. இரண்டு நாள் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. காலையில் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தேன். மத்தியானம் ஆபீஸ் மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியின் நிழல் வடக்கேதான் விழுந்தது. நம் ஊரில் குளிர்காலத்துச் சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகிறது. மேலே இடது மூலை என்று நான் வெளிச்சம் வைத்த இடத்துக்கு அது போவதே இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்து நிழலின் நிறத்தை, ஓரத்தை, அடியில் இருக்கிற இருட்டைப் பார்த்த நான் திசையைப் பார்க்கவே இல்லை. அந்த இருபத்திரண்டு மாடி எழும்பினால் அதன் நிழல் தோட்டத்தின் மேல்தான் விழும். தோட்டத்தைத் தாண்டி நம் பால்கனியில் ஏறும்.

உன் அப்பாவிடம் சொல்வதற்கு எனக்கு நாலு நாள் ஆயிற்று. சொன்னபோது அவர் நம்பவில்லை.

"மே மாசம் நாமதான் போய்ப் பாத்தமே. மண்டையப் பொளந்துச்சே வெயிலு."

"அப்ப தெக்க கட்டடமே இல்லீங்க. குழிதானுங்க இருந்துச்சு."

"அப்பறம் எதுக்கு நெழலக் கீழ போட்ட?"

"எல்லாரும் அப்படித்தானுங்க போடுவாங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கோபம் இல்லை. கணக்குப் போட்டு விடை தப்பாக வந்த நோட்டைப் பார்ப்பதைப் போல, எங்கே தப்பு என்று தேடுகிற பார்வை.

ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டை மாடிக்கு இரண்டு அட்டைப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு போனார். ஒன்றைப் படுக்கையாக வடக்கே வைத்தார், ஒன்றை நட்டுக்குத்தாகத் தெற்கே. போனில் திசை பார்த்து, என் படத்தைப் பக்கத்தில் விரித்து, இடைவெளியை அதே அளவுக்கு வைத்தார். நீ விளையாட்டு என்று நினைத்து உன் பிளாஸ்டிக் ஆட்டோவை நடுவில், தோட்டத்தில், கொண்டுபோய் நிறுத்தினாய். வெயில் ஏற ஏற மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நின்ற பெட்டியின் நிழல் முதலில் ஓரமாக இருந்தது. பிறகு நகர்ந்து நகர்ந்து நடுவுக்கு வந்தது.

"அப்பா, என்ற ஆட்டோ இருட்டுல நிக்குது" என்றாய்.

உன் அப்பா ஆட்டோவைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். நிழல் அங்கேயும் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் கூப்பிடும் வரைக்கும் அவர் அதைத் தள்ளிக்கொண்டே இருந்தார். இறங்கி வரும்போது, "வேணும்கற போது வராது, வேண்டாம்கற போது கொளுத்தும்" என்று மட்டும் சொன்னார். கோடையில் சூரியன் தலைக்கு நேரே வந்துவிடுவதால் தோட்டத்தில் வெயில் இருக்கும். உனக்கு மூச்சு இழுக்கிற குளிர்காலத்தில்தான் இருக்காது.

வீட்டை மாற்றித் தரச் சொல்லிக் கேட்க பில்டரின் விற்பனை ஆபீசுக்குப் போனோம். அங்கே ஒரு பெரிய மேஜையில் என் படத்தை அகலமாக அச்சடித்து, கண்ணாடி போட்டு வைத்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் வயதான ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். விற்பனைப் பையன் அவர்களுக்கு இந்தியில் விளக்கிக்கொண்டிருந்தான். அந்த அம்மா கணவரின் கையைத் தட்டி, "தூப் வருமான்னு கேளுங்க. காலைல என் முட்டிக்குக் கொஞ்ச நேரம் தூப்ல உக்காரணும்" என்று தமிழில் சொன்னார். வெயிலைத் தூப் என்று சொல்கிற, இந்த ஊரிலேயே பல காலம் இருக்கிற தமிழ். அவர் கேட்டார். பையன் என் படத்தின் மேல் விரலை வைத்து, கட்டடத்தின் நிழல் எங்கே விழுகிறது பாருங்கள், தோட்டத்தில் ஒரு பொட்டுக்கூட இல்லை என்றான். அவன் பொய் சொல்லவில்லை, கவின். படத்தில் இருந்ததைத்தான் சொன்னான்.

நான் பேசினேன். எப்படிப் பேசினேன் என்று இன்னும் புரியவில்லை. அந்தப் பையனுக்குத் தமிழ் புரியாதே என்ற தைரியத்தில்தான் பேசினேன் என்று நினைக்கிறேன். அதனால் அதைத் தைரியம் என்று சொல்லலாமா என்றும் தெரியவில்லை. குனிந்துகொண்டே தமிழில், "அம்மா, அந்த நிழல் தப்புங்க. பெரிய கட்டடம் வந்துட்டா குளிருக்குத் தோட்டத்துல வெயில் இருக்காதுங்க" என்றேன்.

அந்த அம்மா திரும்பி, "உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார்.

"நான்தானுங்க வரைஞ்சேன்."

அவர் கணவர் கோர்படி ரயில்வே காலனியில் பல வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு தெரிந்தது. எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர். நான் குசுகுசுவென்று சொன்னதை அப்படியே எடுத்து, பையனிடம் சத்தமாக, சுத்தமான மராத்தியில் சொல்லிவிட்டார். இதை வரைந்த பெண்ணே சொல்கிறாள், நிழல் தப்பாம், என்ன சொல்கிறாய் என்றார். ஆபீசில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உன் சட்டைக் காலரை இழுத்து இழுத்துச் சரி செய்துகொண்டிருந்தேன், அது சரியாகத்தான் இருந்தது. மேனேஜர் வந்தார். என் ஆபீசின் பெயரைக் கேட்டார், சொன்னேன். வீடு மாற்றம் பற்றிக் கேட்டதற்கு, அதே கட்டடத்தில் மேற்கு ஓரத்தில் மூன்றாம் மாடியில் ஒன்றுதான் மிச்சம், மாதக் கடைசிக்குள் சொல்லுங்கள் என்றார்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரை உன் அப்பா மெதுவாகத்தான் ஓட்டினார். சிக்னலில் நின்றபோது தலையைத் திருப்பி, "கறிகாய்க்காரன் கொத்தமல்லி குடுக்க மறந்தாக்கூட நீ கேக்க மாட்ட. நடு ஆபீசுல நின்னு பேசறயே புள்ள" என்றார். அது பாராட்டா திட்டா என்று நான் கேட்கவில்லை. பச்சை விழுந்துவிட்டது.

மறுநாள் என் முதலாளி ஷிரீஷ் சார் அறைக்குக் கூப்பிட்டார். வேலை போய்விடும் என்று நினைத்து டிபன் பாக்ஸைப் பையில் எடுத்து வைத்துவிட்டுத்தான் போனேன். அவர் சத்தம் போடவில்லை. பேசியதெல்லாம் இந்திதான், சாரத்தைச் சொல்கிறேன். நிழல் என்பது படத்துக்கு ஆழம் கொடுக்க, அது பஞ்சாங்கம் இல்லை. யார் நிழலைப் படிக்கிறார்கள்? என் கணவர் படித்தார் என்றேன். நான் சூரியனைச் சரியான இடத்தில் வைத்து வரைந்த இன்னொரு படத்தைக் காட்டினேன். டிசம்பர் மாதக் காலை. தோட்டம் முழுக்க நீலம் கலந்த சாம்பல், ஊஞ்சல் இருப்பதே கண்ணுக்குத் தெரிய நேரமாகும். நான் இதுவரை போட்டதிலேயே நல்ல நிழல் அதுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "அழகாக இருக்கிறது. உண்மையாகவும் இருக்கிறது. இதை நான் யாரிடம் கொடுப்பேன், சொல்" என்றார். கடைசியில் பில்டரோடு பேசி ஒரு முடிவுக்கு வந்தார். நிழல் எல்லாவற்றையும் எடுத்துவிடு.

எடுத்தேன். மரத்தின் நிழல், ஊஞ்சலின் நிழல், கட்டடங்களின் நிழல். எல்லாம் கத்தரித்து ஒட்டிய காகிதமாக மிதந்தது. பில்டருக்குப் பிடித்துவிட்டது, பளிச்சென்று இருக்கிறது என்றாராம். இப்போது அந்த மேஜையில் அதுதான் இருக்கிறது. இங்கேதான் நான் அதிகமாகக் குழம்புகிறேன். முன்பு அதில் ஒரு தப்பு இருந்தது. கூர்ந்து பார்க்கிற ஒருவர் அதைப் பிடித்து, சூரியன் எங்கே என்று கேட்க முடியும். இப்போது பிடிப்பதற்கு ஒன்றுமே இல்லை. தப்பை எடுத்தேனா, தப்பைக் கண்டுபிடிக்கிற வழியை எடுத்தேனா? அந்த ரயில்வே அம்மா தோட்டத்து வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அவர்களுக்குப் பிறகு வந்தவர்களுக்கு யார் சொல்வார்கள்? நான் தினமும் போய் அந்த மேஜைக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. நிற்க வேண்டுமோ என்று சில நாள் தோன்றுகிறது. உனக்கு ஒரு அறிவுரை சொல்லலாம் என்று பார்த்தேன். எதைப் பார்த்தாலும் முதலில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேள், என்று. ஆனால் பக்கத்துத் தேசத்திலும் அடுத்த தேசத்திலும் என்னைப் போல் ஆயிரம் பேர் மேலே இடது மூலையில் சூரியனை வைத்துக்கொண்டு நன்றாகத்தான் சம்பாதிக்கிறார்கள், நன்றாகத்தான் தூங்குகிறார்கள். கேட்டால் என்ன கிடைக்கும் என்று நீ என்னைத் திருப்பிக் கேட்டால், வேலை கொஞ்சம் கஷ்டமாகும் என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் சொல்லத் தெரியாது. ஷிரீஷ் சார் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. இப்போதெல்லாம் கட்டடப் படம் வந்தால் வேறு ஆளிடம் கொடுக்கிறார். எனக்கு மாத்திரை டப்பா.

மீதி இருந்தது மேற்கு ஓரத்து மூன்றாம் மாடி. அதைப் போய்ப் பார்த்தோம். பெரிய கட்டடம் எத்தனை உயரம் வந்தாலும் அந்தப் பக்கத்தை மறைக்காது. மத்தியானத்திலிருந்து வெயில் சரியும் வரை அறைக்குள் கால்வாசி தூரம் வெளிச்சம் வருகிறது. சுவரைத் தொட்டுப் பார்த்தேன், அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது. ஆனால் கீழே ரோடு. போசரி தொழிற்பேட்டைக்குப் போகிற லாரிகள் எல்லாம் அந்த வழியாகத்தான் போகின்றன. ஜன்னல் கம்பியில் விரலை வைத்து எடுத்தேன், விரல் கருத்துவிட்டது. நீ அந்த விரலைப் பிடித்து உன் சட்டையில் துடைத்துவிட்டாய். டாக்டரிடம் போய், வெயில் இல்லாத சுத்தமான காற்றா, தூசியோடு வெயிலா, எது என்று கேட்டேன். இரண்டுமே நல்லதில்லை என்றார். அது எங்களுக்கும் தெரியும். இந்த இரண்டு குறையும் இல்லாத வீடு எங்கள் கைக்கு எட்டாது என்பதும் தெரியும். அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு இந்த ஈரச் சுவருக்கே திரும்பிவிடலாம் என்று ஒரு நாள் பேசினோம். அன்று மாலை உனக்கு மறுபடி மூச்சு இழுத்தது. அதற்குப் பிறகு அதைப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை உன் அப்பா, "நீயே சொல்லு புள்ள. போன தடவ படத்தப் பாத்து நான் சொன்னேன். இந்தத் தடவ நீ சொல்லு" என்றார். எனக்கு எதையும் தேர்ந்தெடுத்துப் பழக்கமில்லை. படித்த படிப்பு வாத்தியார் சொன்னது. வந்த ஊர் உன் அப்பாவுக்கு வேலை கிடைத்த ஊர். புடவைக் கடையில்கூட இரண்டை எடுத்து வைத்துக்கொண்டு கூட வந்தவர்களின் முகத்தைப் பார்ப்பேன். இப்போது பார்ப்பதற்கு முகம் இல்லை. அவர் வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரோட்டுப் பக்கத்து வீடு என்று சொன்னேன். தூசி வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம், துடைக்கலாம், தடுப்புத் துணி கட்டலாம், கையால் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறது. வராத வெயிலை எந்தக் கையாலும் கொண்டுவர முடியாது. இப்படித்தான் யோசித்தேன். சொல்லி முடித்த உடனே வேறு மாதிரியும் யோசிக்கலாமே என்று தோன்றியது. சாத்திய ஜன்னலுக்குள் வெயில் மட்டும் எப்படி வரும், கண்ணாடி வழியாக வருகிற வெயிலைத்தான் டாக்டர் சொன்னாரா, ஊஞ்சல் ஆட நீ கீழே இறங்கினால் எப்படியும் அந்த நிழலில்தானே ஆடுவாய். உன் அப்பா ஒன்றும் கேட்காமல் சரி என்றுவிட்டார். நேற்று போய்க் கையெழுத்துப் போட்டோம். பேனா என் கையில் வரும்போது ஒரு லாரி போனது, மேஜை அதிர்ந்தது, என் கையெழுத்து கொஞ்சம் கோணிவிட்டது.

இதைப் படிக்கிற வயதில் நீ அந்த வீட்டில் வளர்ந்து முடித்திருப்பாய். எனக்குத் தெரியாதது உனக்குத் தெரிந்திருக்கும். உன் அம்மா கஷ்டப்பட்டு முடிவெடுத்தாள் என்பதற்காக நல்லபடியாகச் சொல்ல வேண்டாம், உன் அப்பாவிடம் கேட்டுவிட்டும் சொல்ல வேண்டாம், அவர் எனக்காகப் பேசுவார். ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். ஒரு வரி எழுதினால் போதும். அந்த வீட்டில், குளிர்காலத்தில், ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கினாயா, மூடி வைத்துத் தூங்கினாயா?

அம்மா